செய்யும் என்னும் முற்று

சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாம் வகுப்பு படித்தபோது ஆங்கில நிகழ்காலத்தைக் கூட்டமாகக் கத்திப் படித்தோம். ஐ கோ, வி கோ, யூ கோ, தே கோ. ‘ஹி’ வந்ததும் குரல் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் ‘கோ’ என்போம், பாதிப் பேர் ‘கோஸ்’. அந்த ஒரு ‘ஸ்’ஸுக்காகத்தான் பிரம்பு.

அது ஒரு மிச்சம். பழைய ஆங்கில வினை இடத்துக்கு ஏற்ப விகுதி மாறியது. மற்றவை உதிர்ந்து, படர்க்கை ஒருமையில் மட்டும் ஒன்று தங்கியது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அது ‘எத்’. வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கிலிருந்து ‘ஸ்’ தெற்கே இறங்கி அதை வெளியேற்றியது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் உண்டு.

‘கோஸ்’ என்றால் ‘போகிறான்’ என்று வாத்தியார் சொன்னார். ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்று நோட்டில் எழுதினோம். வீட்டில் ‘உதிக்கும்’ என்பார்கள். வீடுதான் சரி. ஆங்கிலத்தின் இந்த நிகழ்காலம் பெரும்பாலும் இப்போது நடப்பதைச் சொல்வதில்லை. வழக்கத்தை, இயல்பைச் சொல்கிறது. கண்ணெதிரே நடப்பதற்கு ‘இஸ் கோயிங்’ என்று வேறு உருவம்.

தமிழில் அந்த வேலையைச் செய்தது ‘செய்யும்’ என்னும் முற்று. தொல்காப்பியம் அதை நிகழ்காலத்தோடு சேர்த்துப் பேசுகிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் அது வராது என்கிறது. ‘கின்று’ சங்கப் பாடல்களில் அரிது. பக்திப் பாடல்களில் பெருகி, 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் ஆநின்று, கின்று, கிறு என்று நிகழ்கால இடைநிலைகளாக வரிசைப்படுகிறது. அஃறிணைப் பன்மையை ஒதுக்கிவிட்டால், ‘ஸ்’ஸும் ‘செய்யு’மும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. நானும் நீயும் அவர்களும் அங்கே ஏற முடியாது. உறவில்லாத இரு மொழிகளுக்கிடையில் இது தற்செயல்தான்.

எங்கள் பக்கத்தில் இந்த வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை. ‘மருந்து வெடிக்கும்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த இயல்பு. அதைத் தெரிந்துகொண்டுதான் விடியுமுன் பஸ் ஏறினார்கள். ‘வெடிக்கிறது’ என்று சொல்ல யாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஊருக்கு வந்து சேர்ந்த செய்தி எப்போதும் ‘வெடித்துவிட்டது’.

விருதுநகரில் வியாபாரிகள் மகமையாலும் வீடுகள் பிடியரிசியாலும் நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்த காமராஜர் பாதியில் நின்றார். அவருக்குப் பின்னும் இந்தக் கரிசலில் பாதியில் நின்றவர்களே அதிகம். என் பெஞ்சில் உட்கார்ந்து ‘ஹி கோ’ என்று அடி வாங்கியவன் அரைப் பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போய்விட்டான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். இது அதற்கு முன். ஆஜர் எடுக்கும்போது அவன் பெயர் வந்தால், ‘ஆபீஸுக்குப் போறான் சார்’ என்போம். வாத்தியார் தலை நிமிராமல் அடுத்த பெயரைப் படிப்பார். பிறகு பாடம் தொடங்கும்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் அவன் போனான். ‘ஹி கோஸ்’ என்ற வாக்கியத்தின் பொருள் முழுவதும் அவனிடம் இருந்தது. என்னிடம் இருந்தது அந்த ‘ஸ்’ மட்டும்.