கடுக்காயின் துவர்ப்பும் ஏற்பித் தடையும்: மூலிகை ஆய்வில் மறுசேர்க்கை இஜிஎஃப்ஆர் புரதம்

முன்னுரை

சுரண்டை, தென்காசி, குற்றாலம் வட்டார நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய் கிடைக்கும். ஒரு துண்டை மென்றால் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கும். அதிலுள்ள டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிப் படியவைப்பதால் வரும் துவர்ப்பு அது. தோல் பதனிடக் கடுக்காய் பயன்பட்டதற்கும் இக்குணமே காரணம். சோதனைக் குழாயிலுள்ள ஏற்பிப் புரதத்தையும் டானின் இப்படியே பற்றக்கூடும். எனவே ஒரு மூலிகைச் சாறு புற்றுநோய் ஏற்பியைத் தடுத்தது என்று எழுதுமுன், அது மருந்துக்குணமா வெறும் துவர்ப்பா என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

ஏற்பியின் இரு பகுதிகள்

1962இல் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து மேல்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார். 1986இல் நோபல் பரிசு பெற்றார். அக்காரணியை ஏற்கும் புரதம் இஜிஎஃப்ஆர். அதன் வெளிப்பகுதி காரணியைப் பற்றுகிறது. கைனேஸ் எனப்படும் உட்பகுதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் பாஸ்பேட்டை டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மீது ஏற்றுகிறது. இந்த ஏற்பியைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளும் அவ்வாறே பிரிகின்றன. 2006இல் பயோகான் இந்தியாவில் அறிமுகப்படுத்திய நிமோட்டுசுமாப் வெளிப்பகுதியில் பற்றும். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் ஆகியவை உள்ளே ஏடிபியின் இடத்தில் அமரும்.

கணினியில் ஒரு மூலிகை மூலக்கூறை எர்லோட்டினிப் அமர்ந்த இடத்தில் பொருத்திப் பார்த்தவர், சோதனைக்கு வெளிப்பகுதிப் புரதத்தை வாங்கினால் அந்த இடமே அப்புரதத்தில் இருக்காது. குப்பியில் 'மறுசேர்க்கை இஜிஎஃப்ஆர்', அதாவது மரபணுவை வேறு செல்லில் புகுத்திச் செய்வித்த இஜிஎஃப்ஆர், என்றிருந்தால் போதாது. எந்தப் பகுதி என்று தெரிய வேண்டும்.

செல்லும் அளவும்

அப்புரதம் எந்தச் செல்லில் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். வெளிப்பகுதியில் டைசல்பைடு பிணைப்புகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் மிகுதி. அதனால் அதைப் பாலூட்டிச் செல்களில் தயாரிப்பது வழக்கம். கைனேஸ் பகுதியைப் பெரும்பாலும் எஸ்எஃப்9 என்ற பூச்சிச் செல்களில் செய்கிறார்கள். அச்செல்லின் மூல உயிரி, 2018இல் இந்தியாவில் கண்டறியப்பட்டு மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த அதே படைப்புழுதான்.

நீளமும் விடையை மாற்றும். 621 அமினோ அமிலங்கள் கொண்ட முழு வெளிப்பகுதியைவிட, 501இல் வெட்டிய துண்டு காரணியைக் குறைந்தது 10 மடங்கு இறுகப் பற்றுகிறது. முழுப் பகுதியின் இரண்டாம், நான்காம் கூறுகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. துண்டில் அந்தப் பூட்டு இல்லை. ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியோடு இணைத்த புரதம் இரட்டையாக இருப்பதால், இரு கைகளால் பிடிப்பதுபோல் பிடிப்பு கூடுதலாகத் தோன்றலாம். ஆகவே பகுதி, நீளம், செல், இணைப்பு ஆகிய நான்கையும் சொல்லாத கட்டுரைகளின் எண்களை ஒப்பிட இயலாது.

முதற்சோதனை

ஏற்பிப் புரதம் மைக்ரோகிராம் கணக்கில், உறைநிலையில், அதிக விலைக்கு வருகிறது. அதைத் திறக்குமுன் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. உமிழ்நீர் அமைலேஸ், மாவுக்கரைசல், அயோடின் இருந்தால் போதும். அமைலேஸ் மாவைச் சிதைத்தால் நீலம் மறையும். சாறு சேர்த்தபின் நீலம் நீடித்தால், ஏற்பிக்குத் தொடர்பே இல்லாத நொதியையும் அச்சாறு முடக்குகிறது என்று பொருள். டானின் அயோடினையே நிறமிழக்கச் செய்யக்கூடும் என்பதால், அமைலேஸ் சேர்க்காமல் மாவும் சாறும் மட்டுமுள்ள குழாய் ஒன்று பக்கத்தில் இருப்பது கட்டாயம்.

அமைலேஸை முடக்கும் சாற்றில் உண்மையான ஏற்பித் தடுப்பானும் இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். அதனால்தான் அச்சாற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூளால் டானினை நீக்கிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். பிறகு கைனேஸ் சோதனையில் எர்லோட்டினிப்பை ஒப்பீடாக வைத்து, மூலக்கூறுகள் திரண்டு காட்டும் பொய்த்தடையை விலக்கச் சிறிதளவு டிரைட்டான் எக்ஸ்-100 சேர்க்க வேண்டும். டானின் போனபின்னும் தடை நீடித்தால் அது பின்தொடரத் தக்க தடயம். டானினோடு தடையும் போனால், நாம் அளந்தது பெரும்பாலும் துவர்ப்பையே.

முடிவுரை

மலையடிவார மூலிகைகளில் மருந்து தேடும் உழைப்பு மதிப்புமிக்கது. அதற்கு மதிப்பளிக்கும் வழி, சாற்றைப் புகழ்வதைவிட அதைக் கடினமாகச் சோதிப்பதே. விலையுயர்ந்த ஏற்பிப் புரதத்திடம் கேள்வி கேட்குமுன், ஒரு துளி உமிழ்நீரிடம் கேட்டுவிடுவது நம் கல்லூரி ஆய்வகங்களின் வழக்கமாக வேண்டும்.