பித்தநாள அடைப்பு (பிலியரி அட்ரீசியா)

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலில் சேர்க்கும் நாளங்கள், பிறந்த சில வாரங்களுக்குள் அழற்சியால் தழும்பேறி அடைபட்டுப்போகும் நோய். தைவானில் 5,000 முதல் 6,000 பிறப்புகளுக்கு ஒன்று, மேற்கு ஐரோப்பாவில் 15,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

எடின்பரோ மருத்துவர் ஜான் தாம்சன் 1892-இல், அதுவரை பதிவானவற்றைத் தொகுத்து இந்நோயை முதன்முதலாக விரிவாக விவரித்தார். 1916-இல் அமெரிக்கரான ஹோம்ஸ், நோயை 'திருத்தக்கது', 'திருத்தவியலாதது' என இரண்டாகப் பிரித்தார். கல்லீரலுக்கு வெளியே நாளத்தின் ஒரு பகுதி திறந்திருந்தால் முதல் வகை. பாஸ்டனில் வில்லியம் லாட் 1928-இல் அத்தகைய குழந்தைகளுக்கு வெற்றிகரமாக அறுவை செய்ததை அறிவித்தார். ஆனால் பெரும்பான்மையான குழந்தைகள் இரண்டாம் வகையினர். அவர்களின் வயிற்றைத் திறந்து பார்த்து, செய்வதற்கொன்றுமில்லை என மூடிவிடுவதே வழக்கமாக இருந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த ஒரு வகைப்பாடு, நாற்பது ஆண்டுகள் அவர்களுக்கு வழியை அடைத்து நின்றது.

அதை உடைத்தவர் ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் மோரியோ கசாய். 1955-இல் தழும்பான நாளத்தை அகற்றிவிட்டு, கல்லீரல் வாயிலில் குடலை நேரடியாக இணைத்தார், பித்தநீர் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்கள் அங்கே எஞ்சியிருந்ததே காரணம். 1959-இல் ஜப்பானிய மொழியில் வெளியான இம்முறையை, 1968-இல் ஆங்கிலக் கட்டுரை வந்த பின்னரே மேலைநாட்டினர் கவனித்தனர். அடைப்பின் இடத்தை வைத்து மூன்று வகை கூறும் இன்றைய பகுப்பும் ஜப்பானியருடையதே. கல்லீரல் வாயில் வரை அடைபடும் மூன்றாம் வகையே மிகுதி.

நோயைக் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறம். வெளிறிய, சுண்ணாம்பு போன்ற மலமும், துணியில் கறை படியும் மஞ்சள் சிறுநீரும் முக்கிய அறிகுறிகள். குழந்தை பால் குடித்துத் தெளிவாகவே இருப்பதால், உடல் மஞ்சளிப்பதைத் தாய்ப்பாலால் வரும் காமாலை என்றும் காலை வெயிலில் காட்டினால் போதும் என்றும் நாட்கள் கழிந்துவிடுகின்றன. பிறந்து 14 நாட்களுக்குப் பின்னும் காமாலை நீடித்தால், இரத்தத்தில் நேரடி பிலிருபின் என்ற பித்த நிறமியைத் தனியே அளந்தே ஆக வேண்டும். அது மிகுந்திருந்தால் அல்ட்ராசவுண்ட், கல்லீரல் திசுச் சோதனை. அறுவையின்போது நாளத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே நோயை உறுதிசெய்யும். மல நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தைவான் 2004-இல் நாடு முழுவதும் தாய்மாருக்கு வழங்கியது.

முதல் சிகிச்சை கசாய் அறுவையே. 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். பிறகு பித்தநாளத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், ஏ, டி, இ, கே வைட்டமின்கள். பித்தநீர் இறங்காவிட்டால் கல்லீரல் மாற்று. இந்தியாவில் முதன்முதலில் வெற்றிபெற்ற குழந்தைக் கல்லீரல் மாற்று, 1998-இல் தில்லியில் இந்நோய்க்காகவே நடந்தது.