நாலரை: மாரியோ வில்லியம்ஸை எடைபோட்ட கதை

2006 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை ராத்திரி. ஹூஸ்டனில் நாங்கள் குடியிருந்த அப்பார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் சத்தம் போட்டுத் திட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். யாரைத் திட்டுகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. டிவியைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, ஊரே திட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் நியூயார்க்கில் என்.எஃப்.எல் டிராஃப்ட். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். முதல் தேர்வு ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியுடையது. அவர்கள் முந்தின ராத்திரியே மாரியோ வில்லியம்ஸ் என்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு 5.4 கோடி டாலர். அதில் 2.65 கோடிக்கு உத்தரவாதம்.

"யாருடா அது?" என்று ரூம்மேட்டைக் கேட்டேன்.

"தெரியல மச்சான். ஆனா ரெஜி புஷ் இல்ல. வின்ஸ் யங்கும் இல்ல. அதான் பிரச்சனை."

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கி எனக்கு அப்போது எட்டு மாசம்தான். ஆனாலும் விடிவதற்குள் எனக்கும் ஒரு அபிப்ராயம் வந்துவிட்டது: டெக்ஸன்ஸ் முட்டாள்தனம் பண்ணிவிட்டது. அந்த அபிப்ராயத்திலிருந்து வெளியே வர ரெண்டு வருஷம் ஆனது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் படுமோசமாக ஆடிய அணிக்குத்தான் டிராஃப்ட்டில் முதல் தேர்வு கிடைக்கும். டெக்ஸன்ஸ் 2005இல் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவோடு. தோற்கிற அணிக்கு முதல் தேர்வு, அதாவது ரெஜி புஷ், என்று ஊர் பேசிக்கொண்டது. டெக்ஸன்ஸ் கூடுதல் நேரத்தில் 17-20 என்று தோற்றது. தன் அணி தோற்றதற்கு ஊர் சந்தோஷப்பட்டதை நான் முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த சந்தோஷம் நியாயமானதும்கூட. புஷ் அந்த வருஷத்தின் ஹைஸ்மன் விருதை வாங்கியவர். பந்தோடு ஓட ஆரம்பித்தால் எதிரணி ஆட்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். இன்னொரு பக்கம் வின்ஸ் யங், ஹூஸ்டனிலேயே வளர்ந்த பையன். 2006 ஜனவரி ரோஸ் பௌல் இறுதி ஆட்டத்தில், 19 விநாடி மிச்சமிருக்கும்போது தானே ஓடிப்போய் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு 41-38 என்று கோப்பையை வாங்கித் தந்தவர். தோற்ற அணி புஷ்ஷுடையது. இந்த ரெண்டு பேரில் ஒருத்தர் வீடு தேடி வருகிறார் என்று காத்திருந்த ஊரிடம், வட கரோலினாவின் ரிச்லண்ட்ஸ் என்கிற சின்ன ஊரிலிருந்து ஒரு டிஃபென்சிவ் லைன்மேன் வருகிறார் என்று சொன்னால் என்ன ஆகும்? ஸ்டேடியத்தில் டிராஃப்ட் பார்க்கக் கூடியிருந்தவர்கள் 'பூ' என்று கத்தினார்கள். அவருக்கு அப்போது வயது 21.

அணிக்காரர்கள் காட்டியது ஒரு அளவுச் சீட்டை. உயரம் ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேல். எடை 295 பவுண்டு, நம் கணக்கில் 134 கிலோ. அந்த உடம்போடு நின்ற இடத்திலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் எம்பினார். 40 கஜத்தை ஏறக்குறைய 4.7 விநாடியில் ஓடினார். இண்டியனாபொலிஸில் வருஷா வருஷம் 'கம்பைன்' என்று ஒன்று நடக்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல அங்கே கை நீளம்வரை அளப்பார்கள். அளக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள் என்பதால் இந்த ஒப்பீடு அங்கே இன்னும் கனமானது.

டெக்ஸன்ஸ் சொன்ன வாதம் எளிமையானது. எங்கள் பிரிவில் பேட்டன் மேனிங் இருக்கிறார், வருஷத்துக்கு ரெண்டு தடவை அவரோடு ஆடியாக வேண்டும், அவர் நிம்மதியாக நின்று பந்து எறிகிறவரை யார் வந்தும் பிரயோஜனமில்லை. மேனிங் இருந்த இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸை டெக்ஸன்ஸ் அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இங்கே டிஃபென்சிவ் லைன்மேனின் வேலையைச் சொல்லியாக வேண்டும். எதிரணியின் குவாட்டர்பேக்தான் பந்தை எறிபவர். அவருக்கு முன்னால் ஐந்து மலைகள் சுவர்போல நிற்கும். அந்தச் சுவரை உடைப்பதுதான் லைன்மேனின் பிழைப்பு. எறிவதற்குள் குவாட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் 'சாக்'. ரெண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. ஆனால் அறுபது எழுபது தடவை பந்து நகர்கிற ஓர் ஆட்டத்தில் சாக் ஒன்று வந்தாலே பெரிய விஷயம். மற்ற நேரமெல்லாம் முட்டுவது, தள்ளுவது, ரெண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு பின்னால் நிற்கிறவனுக்கு வழிவிடுவது. கபடியில் கணுக்காலைப் பிடித்தவனுக்குத்தான் கைதட்டு. ரெய்டரை மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போனவனை யார் பார்க்கிறார்கள்?

இதை அளக்கிற கணக்கே ரொம்பப் பழசில்லை. என்.எஃப்.எல் தனிநபர் சாக்குகளை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982இல்தான். 'சாக்' என்ற பேரைப் பிரபலமாக்கிய டீக்கன் ஜோன்ஸ் அறுபதுகளில் குவாட்டர்பேக்குகளை ஓட ஓட விரட்டியவர். அவருடைய பெயருக்கு நேரே அதிகாரபூர்வக் கணக்கில் ஒன்றுமே இல்லை. அவரையும் 1961 டிராஃப்ட்டில் பதினான்காவது சுற்றில்தான் எடுத்தார்கள். நமக்குப் புரிகிற எண் அந்த ஒன்றுதான் என்பதால், 2006 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் சீசன் முடிவில் மாரியோவின் கணக்கு: நாலரை.

அதே வருஷம் புஷ் நியூ ஆர்லியன்ஸில் 88 பந்துகளைப் பிடித்து, இறுதிக்கு முந்தின ஆட்டம்வரை போன அணியில் ஆடினார். வின்ஸ் யங் டென்னஸியில் வருஷத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர். அதைவிட வலித்தது டிசம்பர் 10. யங் தன் சொந்த ஊருக்கு எதிரணியாக வந்தார். கூடுதல் நேரத்தில் 39 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனார். அந்த ஓட்டத்தை ரூம்மேட் தலையில் கைவைத்தபடி பார்த்தான். நான், நானே முன்கூட்டிச் சொன்ன மாதிரி, "அப்பவே சொன்னேன்ல" என்றேன். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஊர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த சீசன் முழுக்க மாரியோ பாதத்தில் வலியோடு ஆடினார். 16 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் நின்று ஆடிய டெமெகோ ரையன்ஸை அதே டிராஃப்ட்டில் 33ஆவதாக டெக்ஸன்ஸ் எடுத்திருந்தது. அவர் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் ஆனார். முன்வரிசைக்காரர்களால் பின்னால் இருப்பவனுக்கு வழி எவ்வளவு திறந்தது என்பதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. (ரையன்ஸ் 2023இல் இதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.)

டிசம்பர் 24 அன்று டெக்ஸன்ஸ் முதன்முறையாகக் கோல்ட்ஸை ஜெயித்தது, 27-24. மேனிங்கைச் சாய்க்கத்தான் ஆளை எடுத்தோம் என்றார்கள் அல்லவா? அன்றைக்கு ஜெயிக்க வைத்தது 153 கஜம் ஓடிய ரான் டேன். அவர் ஒரு ரன்னிங் பேக், புஷ் ஆடும் அதே இடம். வரலாறு சில நேரம் வேணும்னே வெறுப்பேத்தும்.

அடுத்த வருஷம் முதல் ஆட்டம் கன்சாஸ் சிட்டியோடு. மாரியோ ரெண்டு சாக் எடுத்ததோடு, தவறி விழுந்த பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடி டச்டவுனும் போட்டார். அந்த உடம்பு ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். 2007 முடிவில் அவர் கணக்கு 14. அதற்கடுத்த வருஷம் 12. 'பூ' என்ற அதே ஸ்டேடியம் அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. புஷ் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சூப்பர் பௌல் ஜெயித்தார், ஆனால் அங்கே இருந்தவரை ஒரு சீசனில்கூட ஆயிரம் கஜம் ஓடவில்லை. யங் 2011க்குப் பிறகு என்.எஃப்.எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆக டெக்ஸன்ஸ் சொன்னதே சரி, ஊர்தான் தப்பு என்று முடித்துவிடலாமா? ரொம்ப நாள் நானும் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழுசா சரியில்லை. மாரியோ ஹூஸ்டனில் ஆறு வருஷத்தில் 53, மொத்த வாழ்க்கையில் 97.5 சாக் எடுத்தார். நல்ல ஆட்டக்காரர், சில வருஷங்களில் மிக நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே 2006 டிராஃப்ட்டில் எல்விஸ் டூமர்வில் என்று ஒருவர் இருந்தார். கல்லூரியில் கடைசி வருஷம் 20 சாக். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் குறைக்காகவே அணிகள் அவரைத் தாண்டித் தாண்டிப் போயின. நாலாவது சுற்றில், 126ஆவது ஆளாக டென்வர் எடுத்தது. 2009இல் 17 சாக்கோடு அந்த சீசனின் முதலிடம். ஓய்வுபெறும்போது 105.5, மாரியோவைவிட எட்டு அதிகம். புஷ்ஷா மாரியோவா என்று ஊரும் அணியும் அடித்துக்கொண்டபோது ரெண்டு தரப்பிலும் யாரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. நானும்தான்.

இப்போது யோசித்தால், அந்த நாலரையில் மாரியோவை நாங்கள் எடைபோடவே இல்லை என்று தோன்றுகிறது. தராசின் ஒரு தட்டில் அவர், மறு தட்டில் நாங்கள் கனவு கண்ட ரெண்டு பேர். அவர் சுவரில் முட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஞாயிறும், வேறு ஊரில் வேறு ஒருவர் ஓடிய கஜங்கள் அவர் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டிருந்தன.

2011 ஏப்ரலில் டெக்ஸன்ஸ் மறுபடி ஒரு டிஃபென்சிவ் லைன்மேனை எடுத்தது, 11ஆவது தேர்வாக. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பையன், ஜே.ஜே. வாட். டிராஃப்ட் பார்க்கக் கூடியிருந்த ஹூஸ்டன் ரசிகர்கள் மறுபடியும் 'பூ' என்றார்கள். அதற்குள் எங்கள் ரூம்மேட் வாழ்க்கை முடிந்து அவன் வேறு ஊருக்குப் போயிருந்தான். போன் பண்ணினான்.

"என்னடா, யாரு இவன்?" என்றான்.

"தெரியல. முதல் வருஷம் முடியட்டும்."

முதல் வருஷம் வாட் எடுத்தது ஐந்தரை சாக். ரெண்டாவது வருஷம் இருபதரை.