கேட்டவர் யார்? கண்காணித்தவர் யார்?



மக்களின் கருத்தைக் கேட்டறிவதாக ஆட்சியாளர்கள் அறிவிப்பது வரலாற்றில் புதிதன்று. ஆனால், கேட்பவரே அவ்விடையால் ஆதாயம் அடைபவராகவும் இருந்துவிட்டால் அதற்கு என்ன மதிப்பு? ஓராண்டுக்குள் நடந்த இரு நிகழ்வுகள் இதற்குப் பாடமாக அமைந்துள்ளன.

முதலாவது, மேற்குப் பாப்புவா. டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த இப்பகுதி, 1962ஆம் ஆண்டு நியூயார்க் ஒப்பந்தப்படி 1963இல் இந்தோனேசியாவின் நிர்வாகத்திற்கு வந்தது. இந்தோனேசியாவுடன் நீடிப்பதா, பிரிவதா என்பதில் வயது வந்தோர் அனைவரும் பங்குகொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். 1969இல் நடந்ததோ வேறு. இலட்சக்கணக்கான மக்களுக்காக, ஆயிரத்துக்குச் சற்று அதிகமான பிரதிநிதிகள் மட்டுமே கூட்டப்பட்டனர். ஒருவர்கூட மாற்றுக் கருத்துக் கூறவில்லை!

ஐ.நா. பிரதிநிதி ஓர்திஸ் சான்ஸ் அங்கு இருந்தார். எனினும், ஆலோசனை கூறுவதும், உதவுவதும், பங்கேற்பதுமே அவர் பணி. நடத்தும் அதிகாரம் இந்தோனேசியாவிடம் இருந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை ஆகியன முழுமையாக வழங்கப்படவில்லை என்று அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். ஐ.நா. பொதுச்சபை அதைக் கவனத்தில் கொண்டதோடு நின்றுவிட்டது. அப்பகுதியின் மனக்குறை இன்றும் தீரவில்லை.

இரண்டாவது, பஹ்ரைன். இத்தீவைத் தன் 14ஆவது மாகாணம் என 1957இல் ஈரான் அறிவித்திருந்தது. 1971க்குள் வளைகுடாவை விட்டு வெளியேறுவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்ததும் சிக்கல் முற்றியது. 1969 ஜனவரியில் புதுடில்லியில் பேசிய ஈரான் மன்னர் ஷா, பஹ்ரைன் மக்களின் விருப்பத்திற்கு மாறாகப் பலவந்தத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்றார்.

அதன்பின், பாதுகாப்புச் சபையின் ஒப்புதலைப் பெறும் முடிவை ஏற்பதாக இரு நாடுகளும் முன்கூட்டியே இசைந்தன. ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் அனுப்பிய இத்தாலியர் வின்ஸ்பியர் குய்ச்சார்டி, 1970 மார்ச் இறுதி முதல் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அங்கு தங்கி மக்களைச் சந்தித்தார். மிகப் பெரும்பான்மையோர் முழு இறையாண்மையுள்ள சுதந்திர நாட்டையே விரும்புகின்றனர் என அறிவித்தார். 1970 மே 11 அன்று பாதுகாப்புச் சபை அதனை ஒருமனதாக ஏற்றது, ஈரானும் ஏற்றது. 1971 ஆகஸ்ட் 15இல் பஹ்ரைன் சுதந்திரம் பெற்றது.

பஹ்ரைனிலும் வாக்குச்சீட்டு இல்லை என்பது உண்மையே. ஆயினும், உரிமை கோரியவரும் ஆதிக்கம் செலுத்தியவரும் விலகி நிற்க, மூன்றாமவர் நேரில் கேட்டார். பாப்புவாவிலோ சாட்சி இருந்தார்; அவர் சொல்லுக்கு அதிகாரம் இல்லை.

சகோதரர்களே! மக்களின் கருத்து ஓர் அமானிதம். நம் மஹல்லாவில் ஒரு முடிவுக்காகக் கருத்துக் கேட்கும்போதும், அம்முடிவால் பயன்பெறாத ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைப்போம். தோற்றவரும் மனமுவந்து ஏற்கும் முடிவே நிலைத்து நிற்கும்.