இந்தியத் தாள்பணச் சேகரிப்பு

இந்தியாவில் பழைய ரூபாய் நோட்டுகளுக்கு விலை வைப்பது, பெரும்பாலும் அவற்றை அரசு எவ்வளவு வேகமாகத் திரும்பப் பெற்றது என்பதே. நெடுநாள் புழங்கிய நோட்டு மலிவு; வந்த சூட்டோடு மறைந்த நோட்டுக்குத்தான் போட்டி.

வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாண வங்கிகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டுவந்தன. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. விக்டோரியா உருவம் பொறித்த முதல் வரிசை, கள்ள நோட்டுத் தொல்லையால் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அக்கால நோட்டுகள் சில, நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். தபாலில் களவு போய்விடும் என்று அஞ்சிய வணிகர்கள் முதலில் ஒரு பாதியை அனுப்புவார்கள். அது சேர்ந்த தகவல் வந்த பிறகே மறுபாதி கிளம்பும். பார்வைக்குக் குறைதான் என்றாலும், அந்த ஒட்டு நோட்டு பயணம் செய்ததற்குச் சாட்சி.

முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் 1917இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி நாணயத்தின் படத்தையே அதில் அச்சிட்டார்கள், மக்கள் நம்ப வேண்டுமே! 25 தாள்கள் கொண்ட புத்தகமாகவும் அது கிடைத்தது. கூடவே வந்த இரண்டரை ரூபாய் நோட்டு நிலைக்கவில்லை. அதனாலேயே இன்று அரிது.

பத்தாயிரம் ரூபாய் நோட்டு 1938இல் பிறந்து, 1946இல் செல்லாமல் போய், 1954இல் மீண்டு, 1978இல் மறுபடியும் செல்லாததானது. தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் வளைகுடாப் பகுதிக்குத் தனி நோட்டுகளும், ஹஜ் பயணிகளுக்கு ‘எச்ஏ’ என்ற முன்னெழுத்துடன் வேறு நோட்டுகளும் அச்சாயின.

நினைவு நோட்டுகள் இந்தியாவில் சொற்பம். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு 2, 5, 10, 100 ரூபாய்களில், சேவாகிராம் ஆசிரமப் பின்னணியில் காந்தி அமர்ந்திருக்கும் வரிசை வெளியானது.

புது மடிப்புக் குலையாத பழைய நோட்டிலும் பெரும்பாலும் பின் துளைகள் இருக்கும். கட்டுகளை வங்கிகள் பின் அடித்தே வைத்திருந்தன. அந்தப் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2001இல்தான் நிறுத்தச் சொன்னது. ஆகவே இங்குள்ள சேகரிப்பாளர்கள் துளையைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

2016இல் செல்லாதவையாக்கப்பட்ட பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு உச்சவரம்பு உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணமாகப் பத்து நோட்டுகளுக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம்.