பாதி மருந்து, பாதி வெயில்

சருமத்தில் ஆங்காங்கே நிறம் நீங்கி வெண்மை படரும் வெண்புள்ளி நோய், உடலுக்கு வலியோ உயிருக்கு அபாயமோ விளைப்பதன்று. பிறருக்குத் தொற்றுவதும் அன்று. ஆயினும், தொழுநோயோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத அதனைப் பழைய நூலோர் குஷ்டங்களின் அருகே வைத்து எண்ணியதனாலும், பாமரர் இரண்டையும் ஒன்றென்றே கொண்டதனாலும், பெண் கொடுப்போரும் எடுப்போரும் பின்வாங்கியதனாலும், அந்நோயுற்றோர் பட்ட துயரம் கொடிய வியாதியாளர் பட்டதற்குச் சற்றும் குறைந்ததாகாது. துயரம் பெரிதாக இருந்தமையால் பரிகாரம் தேடும் முயற்சியும் நெடிதாயிற்று. இன்று சரும வைத்தியர்கள் புற ஊதாக் கிரணங்களைக் கொண்டு செய்யும் சிகிச்சையின் பூர்வ சரித்திரத்தைத் தேடிச் செல்வோர், மின்விளக்குகளைக் கடந்து, நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளிடம் வந்து நிற்க நேர்வது இதனால்தான்.

அதர்வ வேதத்திலேயே, வெளுத்த தோலுக்கு நிறமூட்டுமாறு கரிய மூலிகையை வேண்டும் மந்திரங்கள் உண்டு. ஆயினும் அந்த மூலிகை இன்னதெனத் துணிந்து கூற இடமில்லையாதலால், அதனைப் பெரிய ஆதாரமாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. சரக சம்ஹிதை அவ்வாறன்று. அதன் சிகிச்சா ஸ்தானத்தில் குஷ்ட சிகிச்சையைக் கூறும் ஏழாம் அத்தியாயம், காட்டத்தி வகையொன்றின் சாற்றை வெல்லத்தோடு பருகச் செய்து, அதன்பின் நோயாளி தன் பலத்துக்கேற்ற அளவு வெயில் காய வேண்டும் என்றும், வெளுத்த இடத்தில் எழும் கொப்புளங்களை முள்ளால் குத்தி நீரை வடிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. சாற்றை அந்நூலார் மலத்தை இளக்கி உடலைச் சுத்தி செய்யும் பொருளாகவே மதித்தனர். வெயில் எதற்கு என்று விளக்கினாரில்லை. விளக்கம் எப்படியாயினும் செய்முறை பிழைபடவில்லை: அத்தி இனங்களின் சாற்றில், ஒளி பட்டவுடன் விழித்தெழும் பொருள்கள் உண்டென்பதைப் பிற்கால ரசாயனம் உறுதிப்படுத்தியது.

அத்தியைவிட அதிகப் புகழ்பெற்றது கார்போகரிசி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் கரிய சிறு விதைகளை வடமொழியார் பாகுசி என்று வழங்கினர். ஆயுர்வேதமும் சித்த வைத்தியமும் தோல் நோய்களுக்கு இதனைத் தாராளமாகப் பிரயோகித்துள்ளன. நம் வீடுகளில் பூலாங்கிழங்கோடும் கஸ்தூரி மஞ்சளோடும் சேர்த்து அரைக்கும் குளியல் பொடியில் இன்றும் இதற்கோர் இடம் உண்டு. பொடியில் ஒரு பிடி கலந்து உடனே கழுவி விடும் இச்சரக்கைக் கெட்டியாக அரைத்துப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பதைப் பொடி அரைப்போரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இனி நைல் நதிக்கரைக்குச் செல்வோம். அங்கே வயலோரங்களில் களையாக மண்டும் ஒரு செடி உண்டு. சிறு குடைகளை விரித்துப் பிடித்தாற்போல வெண்பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் அது, நம் ஓமமும் கொத்தமல்லியும் சேர்ந்த குடும்பத்தது. தாவர சாஸ்திரிகள் அதற்கு அம்மி மேஜஸ் என்று பெயரிட்டனர். ஸ்பெயின் நாட்டு மலாகாவில் பிறந்து 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைதார், எண்ணற்ற மருந்துச் சரக்குகளைத் தொகுத்து அரபியில் எழுதிய பெருநூலில், வட ஆப்பிரிக்காவின் பெர்பர் குலத்தாரில் ஒரு பிரிவினர் இச்செடியின் விதையை வெண்புள்ளிக்குக் கொடுத்து வந்ததையும், அதனை நெடுங்காலம் ரகசியமாகக் காத்ததையும், விதைப்பொடியை உண்டவரைக் கடும் வெயிலில் அமர்த்தியதையும் குறித்துள்ளார். இரு நாடுகளில், ஒன்றுக்கொன்று உறவற்ற இரு செடிகள். ஆனால் செய்முறை ஒன்றே. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு இவ்வித்தை சென்றிருக்கலாம் என்று ஊகிப்போர் உண்டு. தனித்தனியே கண்டிருப்பர் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இத்தகைய செடிகளைப் பிடுங்கிய ஈரக் கையோடு வெயிலில் வேலை செய்பவனுடைய தோல் சிவந்து, கொப்புளித்து, ஆறியபின் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். மேல்நாட்டில் செலரி அறுப்போருக்கு இன்றும் இது தெரிந்த தொல்லை. அந்தக் கறுப்பை வெளுத்த தோலில் வரவழைத்தால் என்ன என்று ஒருவனுக்குத் தோன்ற, சாஸ்திர ஞானம் தேவையில்லை.

ஐரோப்பாவின் விஞ்ஞானம் இதே விஷயத்தை மறுபுறமிருந்து அணுகியது. 1801-இல் ரிட்டர் என்னும் விஞ்ஞானி, கண்ணுக்குப் புலனாகும் ஊதா நிறத்துக்கு அப்பாலும் வெள்ளி உப்பைக் கறுக்கச் செய்யும் கிரணங்கள் உண்டெனக் கண்டார். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென், வளைவிளக்கின் ஒளியைக் குவித்து முகத்தை அரிக்கும் சருமக் க்ஷயத்துக்குச் சிகிச்சை செய்து 1903-இல் நோபெல் பரிசு பெற்றார். ஒளி மட்டுமே மருந்தாக நின்ற அத்தியாயம் அது. அதன் பெருமை பெரிது, நம் கதை வேறு.

கார்போகரிசியின் உட்பொருளை 1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய ரசாயன அறிஞர் மூவர் பிரித்தெடுத்தனர். அதற்கு இட்ட சோரலென் என்ற பெயர் அச்செடியின் தாவரப் பெயரிலிருந்தே வந்தது. இவ்வகைப் பொருள்களே தோலை ஒளியால் எளிதில் தாக்குறச் செய்கின்றன என்பதை 1938-இல் கூஸ்கே என்பவர் நிலைநாட்டினார். ஆயினும் ரசாயனியின் குப்பியையும் நோயாளியின் தோலையும் இணைத்த பெருமை கெய்ரோ நகரத்துக்கே உரியது. அங்கே ஃபஹ்மி என்பவரும் அவருடைய துணைவரும் 1947-ஐ ஒட்டி அம்மி விதையிலிருந்து தூய படிகங்களைப் பிரித்தனர். அவற்றுள் அம்மாய்டின் என அவர்கள் பெயரிட்டதே பின்னர் உலகமெங்கும் மெத்தாக்ஸாலென் எனப் பிரசித்தி பெற்றது. சரும வைத்தியப் பேராசிரியர் அப்தல் மோனெம் எல் மொஃப்தி, எகிப்தில் மூலிகை வணிகர் விற்று வந்த அந்த விதைப்பொடியை ஏளனம் செய்து ஒதுக்காமல், முதலில் பொடியாகவும் பின்னர் படிகமாகவும் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பூசியும், வெயிலிலும் விளக்கொளியிலும் வைத்துப் பார்த்து, 1948-இல் முதல் அறிக்கையை வெளியிட்டார். தம் நாட்டுப் பாமர வைத்தியத்தைப் பரீட்சிக்கத் தகுந்த விஷயமாக மதித்த அவருடைய மனப்பான்மையை, அவர் பெற்ற பலனைவிட நான் உயர்வாகக் கருதுகிறேன். வெளுத்த தோலில் நிறம் ஒரே பரப்பாகத் திரும்புவதில்லை. முடி வேர்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தோன்றி, விரிந்து, ஒன்றோடொன்று கூடும். நிறம் தரும் உயிரணுக்களின் சேமிப்பு அங்கேதான் எஞ்சியிருக்கிறது; முடியில்லாத விரல் நுனிகளில் பலன் அரிதாவதும் அதனாலேயே.

அமெரிக்காவில் லெர்னர், ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் சரும வைத்தியர்கள் 1953-இல் மெத்தாக்ஸாலென் மருந்தைப் பற்றி எழுதலாயினர். நிறமிழந்தோருக்காக வந்த மாத்திரையை, வெயிலில் அழகாகப் பழுப்பேற வேண்டுமென்ற வெள்ளையரும் விரும்பினர் என்பது காலத்தின் விநோதம். அதனினும் விநோதமானது, ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்னும் வெள்ளை எழுத்தாளர் 1959-இல் இம்மருந்தை உண்டு, புற ஊதா விளக்கின்கீழ்க் கிடந்து, மேலே சாயமும் பூசித் தம் மேனியைக் கறுப்பாக்கிக்கொண்டு, நீக்ரோவர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டோர் படும் அவமதிப்பைத் தாமே அனுபவிக்கத் தென் மாநிலங்களில் திரிந்த செய்தி. அவர் அதை எழுதிய ‘பிளாக் லைக் மீ’ 1961-இல் வெளிவந்தது.

சொரியாசிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோய்க்கு இதே முறையைப் பெருமளவில் பயன்படுத்தலாம் என்று 1974-இல் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பாதக் ஆகிய நால்வர் பிரசுரித்த கட்டுரையோடு, விளக்குகள் பொருத்திய கூண்டு மருத்துவமனைக்குள் வந்தது. மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரம் கழிந்தபின், 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான நீண்ட அலைக் கிரணங்களில் நோயாளி நிற்பார். உடலில் பரவிய சோரலென், டி.என்.ஏ. என்னும் மரபிழையின் படிகளுக்கிடையே புகுந்து வாளாவிருக்கும். கிரணம் பட்டவுடன் இரு இழைகளையும் பிணைத்து, உயிரணு பெருகாதபடி தடுக்கும். கட்டுக்கடங்காமல் உயிரணுக்கள் பெருகுவதே சொரியாசிஸின் இயல்பாதலால் பிணிப்பு அங்கே மருந்தாகிறது. மருந்தோடு வெயிலையும் சரகர் காலத்தார் சேர்த்து விதித்ததன் காரணம் அப்போதுதான் துலங்கியது.

மரபிழையைத் தொடும் மருந்து ஊறு செய்யாதிருக்குமா? 1979-லேயே, இச்சிகிச்சை பெற்றவரிடையே சருமப் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதாக அமெரிக்க ஆய்வாளர் எச்சரித்தனர். கண்ணின் வில்லைக்கும் கேடு வரலாமென்று, மாத்திரை உண்ட நாள் முழுதும் கறுப்புக் கண்ணாடி அணிய வைத்தனர். பண்டைய வைத்தியர் எதிர்பார்த்துக் காத்திருந்த கொப்புளம், இன்றைய வைத்தியருக்கு மிகுந்துபோன அளவின் அடையாளம். பழைய செய்முறையில் நவீன விஞ்ஞானம் புதிதாகச் சேர்த்தது இந்த அளவு ஒன்றே என்பது என் அபிப்பிராயம். ஆனால் நலனுக்கும் ஊறுக்கும் இடையே நிற்பதும் அதுவேயாதலால், அதனைச் சிறிதென்று சொல்வதற்கில்லை.

1980-களில் 311 நானோமீட்டரை ஒட்டிய மிகக் குறுகிய கிரணப்பட்டையை மட்டும் தரும் விளக்குகள் வந்தன; 1997-இல் ஆம்ஸ்டர்டாம் வைத்தியர் அவற்றை வெண்புள்ளிக்கும் பரீட்சித்து, சோரலென் இன்றியே நல்ல பலன் கண்டனர். பாதியாக இருந்த மருந்து அங்கே விலகிப் போயிற்று. விளக்கும் கூண்டும் எட்டாத ஊர்களிலோ மருந்து நின்றது, விளக்குதான் விலகியது: சோரலென் மாத்திரையோடு சூரியனையே சேர்த்துச் செய்யும் சிகிச்சை இந்தியாவில் பல்லாண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. விளக்கின் கிரணத்தை அளக்கக் கருவி உண்டு. முற்றத்து வெயிலுக்கு அது வாய்ப்பதில்லை. சித்திரை மாதத்து ஐந்து நிமிஷமும் மார்கழி மாதத்து ஐந்து நிமிஷமும் ஒன்றாகாவாதலால், வைத்தியர் சில நிமிஷங்களில் தொடங்கி, நோயாளி மறுமுறை வரும்போது வெண்புள்ளி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த வெயிலுக்கான நிமிஷங்களைக் கூட்டியோ குறைத்தோ எழுதிக் கொடுக்கிறார்.