செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்



தோளில் தசைநாண் கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பிசியோதெரபிக்குப் போய்வருகிறேன். "அதான் தைச்சாச்சே, பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வரலாறு ஒன்று சொல்கிறேன்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேலூர் சி.எம்.சி.யின் அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்டை அங்கே அழைத்துச் சென்றார். பிராண்ட் 1914-ல் பிறந்து, நம் கொல்லிமலையில் சிறுவயதில் வளர்ந்தவர். தொழுநோயாளிகளைத் தொடவே பலரும் அஞ்சிய காலம் அது. விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் அவர் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கும் அளவுக்கு இறுகியது பிடி! கை முழுதும் செத்துவிடவில்லை, சில தசைகள்தான் செயலிழந்தன என்று புரிந்தது.

பிறகு வேலூரில், நல்ல தசையின் நாணை மாற்றி இணைத்து அத்தகைய விரல்களை நிமிர்த்தினார். ஆனால் இதுவரை விரலை மடக்கிய தசை இனி நீட்ட வேண்டும் என்று மூளை கற்க வேண்டுமே! அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. திருமணி மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது.

தைக்கவே முடியாதபடி கிழிந்த தோளுக்கு, முதுகுத் தசையின் நாணை மாற்றி இணைப்பது இன்றும் உண்டு. அங்கும் பயிற்சிதான் பாதி வைத்தியம்.

என் தோளைத் தைத்தது டாக்டர். கையைத் தூக்கக் கற்பது என் பாடம். இன்று என் விரல்கள் சுவரில் கண் உயரம் வரை ஏறின. பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் நாளைக் காலையே தொடருங்கள்.